தேசிப்புளியில் கழுவிய லொப்ஸ்டர்

டென்மார்க்கில் டொலறசுக்கு மூக்குத்தான் சோறு போட்டது. பதினாறு வருசம் ஒரு இறால் தொழிற்சாலையில் நின்று, பட்டியில் ஓடிவரும் இறாலை முகர்ந்து பழுதானதைப் பொறுக்கி எறிந்தவள். கணவர் இறந்தபின் மகள் மரினாவின் படிப்புக்காக லண்டன் வந்து டூட்டிங்கில் குடியேறினாள். இப்போது வயது ஐம்பத்திரண்டு.

நோர்த் கிரீனிச் பக்கம், தேம்ஸ் கரையில் இருந்த ஒரு கடலுணவுக் கடையில் அவளுக்கு வேலை எடுத்துக் கொடுத்தவன் அந்தக் கடையின் மனேஜர் நிர்மலன். பழைய கப்பல் பெட்டி ஒன்றை வெட்டிச் செய்த கடை. வெளியே உட்கார்ந்து சாப்பிட மரவாங்குகள், தலைக்கு மேல் கடற்புறாக்கள். அவித்து உறையவைத்த லொப்ஸ்டர் சதை பெரிய டப்பாக்களில் வரும். அதை இளகவைத்து, வெட்டி, மயோனைஸ் கலந்து, வெண்ணெயில் வாட்டிய பணிசு ரொட்டிக்குள் அடைத்துக் கொடுப்பது டொலறசின் வேலை. அவள் கலக்கிற பதம் வேறு ஒருவருக்கும் வராது என்று நிர்மலனே சொல்லுவான்.

ஓகஸ்ட் மாதம், வெக்கை கூடிய கிழமை. வெள்ளிக்கிழமை குளிர்ப்பெட்டி நின்றுபோய், சனிக்கிழமை காலையில்தான் அது தெரியவந்தது. உள்ளே இருந்த மூன்று டப்பாக்களில் முதலாவதின் மூடியை டொலறஸ் திறந்தாள். முடிக்குப் பூசுகிற சாயத்தின் நெடி போல ஒன்று மூக்கில் அடித்தது. சதையை விரலால் தொட்டாள். வழுவழுவென்று இழுபட்டது.

"தம்பி, இது பழுதாப்போச்சு. மூண்டு டப்பாவும் எறியவேணும்."

நிர்மலன் எட்டிப் பார்த்தான். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெளியே ஏற்கெனவே வரிசை பிடித்திருந்தார்கள்.

"தேசிப்புளி விட்டு நல்லாக் கழுவுங்கோ அக்கா. பிறகு மயோனைசும் மிளகும் கொஞ்சம் கூடப் போடுங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுதே."

"நீங்களோ சாப்பிடப்போறியள்?"

எலுமிச்சைச் சாறு பிழிந்து அவள் கழுவினாள். இரண்டு முறை. தண்ணீர் சாம்பல் நிறத்தில் போனது. பிறகு வழக்கமான கைப்பதத்தில் கலந்தாள். நெடி அமர்ந்துவிட்டது. மறுபடி முகர்ந்தாள்; அவளுடைய மூக்குக்கே பிடிபடவில்லை.

மத்தியானம் தட்டு எடுக்க வெளியே போனபோது, கரையோர வாங்கில் ஒரு தகப்பனும் எட்டு வயது மதிக்கத்தக்க மகளும் இருந்தார்கள். பிள்ளையின் நாடியில் மயோனைஸ் வழிந்தது. அதை அவர் விரலால் வழித்துத் தன் வாயில் வைத்துக்கொண்டார். பிள்ளை பணிசின் அடியில் கிடந்த கடைசித் துண்டையும் நக்கி எடுத்தது. டொலறசைக் கண்டதும் அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, இன்னொன்று வேண்டுமென்றார்.

டொலறஸ் கழிப்பறைக்குள் போய்ச் சத்தி எடுத்தாள். வாயைக் கொப்புளித்துவிட்டு வந்து அந்த இன்னொன்றையும் அடைத்துக் கொடுத்தாள். நாலு மணிவரை கொடுத்தாள்.

வீட்டில் மூன்று முறை சவர்க்காரம் போட்டும் கையில் அந்த வெடுக்குப் போகவில்லை. மரினா வைத்த மீன்குழம்பைக் கண்டதும் எழும்பிவிட்டாள்.

"என்னம்மா, சுகமில்லையோ?"

"பசிக்கேல்லை."

தன் கையைப் பார்க்கவே அவளுக்கு அரியண்டமாக இருந்தது. பதினாறு வருசமாகப் பழுதை எறிந்த கை.

ஞாயிறு காலை மற்ற இரண்டு டப்பாக்களும் மேசையில் இருந்தன. பக்கத்தில் ஒரு பை நிறையத் தேசிக்காய்.

"ஏலாது, தம்பி."

"அக்கா, இண்டைக்கு மட்டும். நாளைக்குப் புதுச்சரக்கு வந்திடும்."

டொலறஸ் ஒரு பணிசை வாட்டினாள். டப்பாவிலிருந்து சதையைக் கழுவாமல் அள்ளி அடைத்து அவன் முன்னால் வைத்தாள்.

"நீர் இதைச் சாப்பிடும். சாப்பிட்டால் நான் கழுவுறன்."

அவன் எறிந்துவிடுவான் என்றுதான் நினைத்தாள். அவன் அதை எடுத்துக் கடித்தான். ஓங்காளித்தான். கண்ணில் நீர் முட்ட, அவளையே பார்த்தபடி சப்பி விழுங்கினான். மறுபடி கடித்தான். வாய் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ ஒழுகியது. கடைசி வாய் உள்ளே போனதும் விரல்களை நக்கினான்.

"இப்ப கழுவுங்கோ," என்றான்.

அவன் விரல் நக்கியதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சதை நாறியதைவிட அது கேவலமாக இருந்தது. பின்னால் போய் நிலம் கழுவுகிற பிளீச் கானைத் தூக்கிவந்து, இரண்டு டப்பாவிலும் விளிம்புவரை ஊற்றினாள்.

"கழுவுறன் எண்டு சொன்னனான். கழுவிப்போட்டன்."

அவன் கத்தினான். இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றான். அவள் ஏப்ரனைக் கழற்றிக் குப்பைவாளிக்குள் போட்டுவிட்டு ரயிலேறினாள்.

திங்கட்கிழமை கவுன்சிலுக்குப் போன் பண்ணினாள். உணவுச் சுகாதாரப் பிரிவில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். சனிக்கிழமை அந்தச் சதையைக் கழுவிக் கலந்தது யார் என்று அவள் கேட்டபோது, பக்கத்தில் இருந்த மரினா தாயின் கையைப் பிடித்து வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"நான்தான்," என்றாள் டொலறஸ். "அறுபது எழுபது பேருக்குக் குடுத்திருப்பன்."

போனை வைத்ததும் மரினா சீறினாள். "ஏன் உங்கட பேரைச் சொன்னீங்கள்? அவன் சொல்லித்தானே செய்தனீங்கள்?"

"அவன் சொன்னவன். கலந்தது நான்."

கடையைச் சோதித்து மூன்று கிழமை பூட்டினார்கள். நிர்மலன் நாலு நாள் வயிற்றாலடியும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்று கேள்வி. டொலறசுக்கு ஒரு கடிதம் வந்தது. எச்சரிக்கையோடு விட்டார்கள். வாங்கில் இருந்த அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அவள் கவுன்சில் பெண்ணிடம் இரண்டு முறை விசாரித்தாள். சனிக்கிழமை சாப்பிட்டவர்களில் பதினொரு பேர் முறைப்பாடு செய்திருந்தார்கள். அவர்களின் விபரம் சொல்லமுடியாது என்றுவிட்டாள்.

கடை திரும்பத் திறந்துவிட்டது, நிர்மலன்தான் இன்னும் மனேஜர். டொலறஸ் இப்போது டூட்டிங்குக்குப் பக்கத்தில், மிச்சம் என்ற இடத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். எல்லாம் சமைப்பாள். வெள்ளிக்கிழமை, மீன் நாளில் மட்டும் உருளைக்கிழங்குப் பக்கம் நிற்கக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.