நைட்டி எப்படி இருக்குங்க?

கருத்துக் கேட்பது என்பது, பதில் சொல்ல விருப்பமில்லாதவரிடம் கேட்க விருப்பமில்லாத ஒருத்தி போய் நிற்கிற தொழில். பேனாவும் பேப்பருமாகக் கடை வாசலில் நின்றவர்களுக்கும், "ரெண்டே நிமிஷம்" என்பதற்குள் எதிர்முனையில் போன் வைக்கப்பட்டவர்களுக்கும் நான் சொல்வது புரியும். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

என் வீட்டுக்காரர் நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறார். பல வருஷம் அடுத்தவர்களுக்குத் தைத்துக் கொடுத்தவர், போன வருஷம் சொந்தப் பெயரில் பனியன் துணி நைட்டி போட்டார். நன்றாகவே விற்றது. ஆனால் ஒன்று வாங்கியவர்கள் யாரும் இரண்டாவது வாங்க வரவில்லை. தீபாவளிக்கு அதே துணியை எடுப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். இந்தச் சரக்கும் தேங்கினால் சொந்தப் பெயரை மூட்டை கட்டிவிட்டு, மறுபடியும் அடுத்தவர் துணியைத் தைக்க வேண்டியதுதான். என்னிடம் வந்தார். "கான்வென்ட்ல படிச்சவ, ஊட்ல சும்மாத்தானே இருக்கற, நாலு பேருகிட்டக் கேட்டுச் சொல்லு."

ஐந்து கட்டங்கள்

'மிகவும் திருப்தி'யில் தொடங்கி 'மிகவும் அதிருப்தி' வரை ஐந்து கட்டம் போட்டு, கோடெல்லாம் ஸ்கேல் வைத்து அடித்து, ஒரு படிவம் தயாரித்தேன். எங்கள் சிஸ்டர்கள் பார்த்திருந்தால் 'வெரி குட்' போட்டிருப்பார்கள். எங்கள் ஊர் ராயபுரத்தில் எங்கள் நைட்டியை விற்கும் கடையில் போய் நின்றேன்.

முதலில் வந்த அம்மா ஒவ்வொரு வரியாகப் படித்தார். பேனாவைத் திறந்தார், மூடினார். பிறகு படிவத்தை மடிப்புக் கலையாமல் என்னிடமே கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அதிருப்தின்னு டிக் அடிச்சா தெச்சவங்க மனசு நோகாதுங்களா? நான் ஒண்ணும் அடிக்காம உட்டுடறேனுங்க."

இலவசக் கர்சீப்

படிவம் நிரப்பினால் ஒரு கர்சீப் இலவசம் என்பது என் வீட்டுக்காரரின் யோசனை. மத்தியானத்துக்குள் படிவங்கள் தீர்ந்துவிட்டன. எல்லோரும் 'மிகவும் திருப்தி'. ஒரே அம்மா, ஒரே கையெழுத்தில், குடும்பத்தில் உள்ள அத்தனை பேர் பெயரிலும் திருப்தி அடைந்திருந்தார். நைட்டி எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"இன்னும் வாங்கலீங்க. கர்சீப் நல்லா இருந்தா நைட்டியும் எடுக்கலாம்னு இருக்கறனுங்க."

ஒரே கேள்வியில் இரண்டு

பேப்பரை மிச்சம் பிடிக்க, 'துணியும் தையலும் பிடித்திருக்கிறதா?' என்று ஒரே கேள்வியாக அடித்தேன். எங்கள் தெரு ஆட்டோக்காரரின் மனைவி அதைப் பார்த்து, துணிக்கு ஆமாம், தையலுக்கு இல்லை, நான் எந்தக் கட்டத்தில் போடட்டும் என்று கேட்டார். அத்தனை நாளில் முதல் 'இல்லை'. எனக்குப் பரபரப்பு. தையலில் என்ன குறை, எந்த இடத்தில், எப்போதிருந்து என்று போலீஸ்காரி மாதிரி அடுக்கிவிட்டேன்.

அவர் ஓர் எட்டு பின்னால் வைத்தார். "கொறைன்னெல்லாம் சொல்லலீங்க்கா. நீங்க பேப்பர் வெச்சுட்டுக் கேட்டீங்க, அதனால சொன்னேன்."

மிக்சிக்கு மேலே

படிவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடையில் நம்பர் வாங்கிப் போனில் கேட்கத் தொடங்கினேன். எல்லோரும் "சூப்பருங்க" என்றார்கள். அடுப்பில் குழம்பு, காதில் சூப்பருங்க. பொறுமை போய், ஒரு பெண்ணிடம், சரி, அந்த சூப்பர் நைட்டி இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். அதைப் போட்டுத்தான் மிக்சியைத் தூசி படாமல் மூடி வைத்திருப்பதாகச் சொன்னார்.

அன்றிலிருந்து எப்படி இருக்கிறது என்று கேட்பதையே விட்டேன். இப்போது எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது போட்டீர்கள், துவைத்த பிறகு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டேன். கொட்டினார்கள். இரண்டு தடவை துவைத்தால் துணி முறுக்கிக்கொள்கிறது. பக்கத்தில் இருக்க வேண்டிய தையல் வயிற்றுக்கு நடுவில் வந்து நிற்கிறது. அதையும் ஒருவர் எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் பாருங்கள்: "நல்ல துணிங்க, பழி சொல்லக் கூடாது. என்ன, நான் நேரா நடந்தா அது மட்டும் ஒரு பக்கமாப் போகுதுங்க."

அக்கா சொன்ன சாட்சி

என் வீட்டுக்காரர் நம்பவில்லை. யாரோ நாலு பேர் சொன்னதற்காகத் துணியை மாற்ற முடியுமா என்றார். அன்று சாயங்காலம் துணிக்காரருக்கு ஆர்டர் சொல்ல வேண்டும். என் எதிரிலேயே அவருடைய அக்காவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு, நைட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். "அதுக்கென்ன சாமி, அருமையா இருக்குது" என்றார் அக்கா. வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணமான எல்லாப் பெண்களுக்கும் அந்தப் பார்வை தெரியும்.

நான் போனை வாங்கி, "அண்ணி, அதைக் கடைசியா எப்பப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

அண்ணி குரலைத் தாழ்த்தினார். "தம்பி பக்கத்துல இல்லையில்ல கண்ணு? பாவம், சொந்தப் பேர் போட்டுத் தெக்கறான்னு வாங்குனேன். ரெண்டு தண்ணி போட்டதும் தையல் தொப்புளுக்கு வந்துருச்சு. ஊட்டுக்குள்ளகூடப் போட முடியல."

தம்பி பக்கத்தில்தான் இருந்தார், போனும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. அக்கா போனை வைத்ததும் துணிக்காரரைக் கூப்பிட்டு, அந்தத் துணி வேண்டாம், வேறு துணியில் சாம்பிள் அனுப்புங்கள், துவைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். எங்கள் துணியில் என்ன குறை கண்டீர்கள் என்று அவர் கேட்டிருப்பார் போல. என் வீட்டுக்காரர் பதறிப் போய்ச் சொன்னார்: "ஐயோ, கொறையே இல்லீங்க. துணி அருமைங்க. ஆனா வேண்டாமுங்க."

ஆகவே சக துயரர்களே, எங்கள் ஊரில் உண்மை தெரிய வேண்டுமானால் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.