நொச்சிக் கம்பில் மூன்று துளிர்

ஜூன் பதினான்காம் திகதி, காலை ஆறு மணி இருபது நிமிடம். தூறல், கடலிலிருந்து உப்புக் காற்று. வெள்ளவத்தை வீட்டின் பின்புறத்தில் நின்றேன். அங்கே நட்ட ஏழு ரோசாக் கன்றுகளும் கருகிவிட்டதால், அந்த மண்ணைச் சிமெந்தால் மூட ஒன்பது மணிக்கு மேசன் வருவதாக ஏற்பாடு.

கடைசி ரோசாவுக்கு முட்டுக் கொடுத்திருந்த நொச்சிக் கம்பில் மூன்று துளிர்கள். ஒன்றிலிருந்து ஓர் இலையை மட்டும் கிள்ளிக் கசக்கி முகர்ந்தேன்.

அதே மணம்; கொட்டாஞ்சேனை வீட்டில் அப்போது எனக்கு ஏழு வயது. பாகற்கொடிக்கு அப்பா போட்ட பந்தலில் கொடி பட்டுப்போக, நொச்சிக் கால்கள் நான்கும் தழைத்துவிட்டன.

"பாவக்காய் கேட்டனான், உங்கட அப்பா பந்தலை வளர்த்து வச்சிருக்கிறார்" என்று அம்மா சிரிப்பார்.

எனக்குச் சளி பிடித்தால் அந்த இலையை அவித்து, ஆவி பிடிக்கப் போர்வைக்குள் உட்கார வைப்பார். நூறு எண்ணும்வரை வெளியே வரக்கூடாது. அப்பாதான் சத்தமாக எண்ணுவார். நான் இருமினால் நாற்பதிலிருந்து தொண்ணூறுக்குத் தாவிவிடுவார்.

"கள்ளக் கணக்கு!" என்பார் அம்மா.

"பிள்ளை அவிஞ்சு போவான், விடும்."

மேசனுக்குப் போன் எடுத்து, வரவேண்டாம் என்றேன். மனைவி தேநீருடன் வந்தாள்.

"குடுத்த அட்வான்ஸ் திரும்பி வராது, தெரியும்தானே?"

"ஓம்."

"ஒரு கம்புக்காகவோ?"

"மூண்டு துளிரப்பா, வந்து எண்ணிப் பாரும்."

அவள் குனிந்து எண்ணினாள். "நாலு" என்றாள்.

போன முற்பணம் ஐயாயிரம் ரூபாய்.