வெறும் கரைப்பானில் கற்பூரம்

எங்கள் இரசாயனப் பகுதியில் என்னோடு இருந்த கடைசித் தமிழ் விரிவுரையாளரும் கனடாவுக்குப் போய்விட்டார். "நீரும் வெளிக்கிடும். யுத்தம் முடியுமெண்டே நினைக்கிறீர்? இந்த மெஷினைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு என்ன செய்யப் போறீர்?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் திணிவு நிறமாலைமானியோடு நான் மட்டும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிஞ்சினேன்.

அதற்குப் பிறகுதான் இயந்திரம் ஒரு வினோதம் காட்டியது. எதுவும் கலக்காத வெறும் கரைப்பானைச் செலுத்தினாலும் கற்பூரம் இருப்பதாகச் சொன்னது. குழாய்களைக் கழற்றிக் கழுவினேன். கரைப்பானை மாற்றினேன். யோசனை கேட்கவும் ஆளில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டுமே அது வருகிறது என்று கண்டுபிடிக்கவே பல வாரங்கள் போயின.

வெள்ளி காலையில் மஹய்யாவக் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வேலைக்கு பஸ் ஏறுவேன். சோதனைச் சாவடி வருமுன் திருநீற்றைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துவிடுவேன். அடையாள அட்டையில் இருக்கும் தமிழ்ப் பெயர் எப்படியும் காட்டிக்கொடுக்கும்; இருந்தும் துடைப்பேன். அந்தத் திருநீற்றில் கற்பூரம் கலந்திருந்தது. ஆய்வுகூடத்தில் துடைக்கும் தாள் கிடைக்காத காலம். மாதிரி செலுத்தும் ஊசியையும் அதே கைக்குட்டையால்தான் துடைத்திருக்கிறேன். முட்டாள்!

பக்கத்து அறைச் சிங்களப் பேராசிரியர் நல்ல மனிதர். என்ன பிழை என்று அக்கறையாகக் கேட்டார். நெற்றியை ஏன் துடைக்கிறேன் என்று சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. பம்ப் பழுது என்றேன்.

வெள்ளி காலையில் நான் எங்கே போய் வருகிறேன் என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்தது இயந்திரத்துக்கு மட்டும்தான்.