தையல் வெளிப்பக்கம்

பல் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் பெருக்கித் துடைப்பது என் வேலை. தையல்கார அக்காவை அங்கேதான் பார்த்தேன். கூடவே அவர் மகள், பத்தொன்பது வயது. அவள் சட்டையில் தையலெல்லாம் வெளியே தெரிந்தது.

"பாப்பா, சட்டையை மாத்திப் போட்டிருக்கியே," என்றேன். நானாகப் பேசுவதே அபூர்வம். அதுவும் தப்பாகப் போயிற்று.

"எங்கம்மாவுக்கு இன்னும் தைக்க வரல ஆன்ட்டி," என்று சிரித்தாள்.

பிறவியிலேயே மரபணுக் கோளாறு. லேசாக உரசினாலே தோல் கொப்பளித்து உரிந்துவிடும். அதனால் அக்கா இத்தனை வருடமாகத் தையலை வெளிப்பக்கம் வைத்தே தைக்கிறார். மகளின் வாயும் தழும்பேறிச் சுருங்கிவிட்டது. ஒரு விரல்தான் நுழையும். சொத்தை முற்றி, நாலு நாளாகப் பால்கூட இறங்கவில்லை. முழு மயக்கம் கொடுத்துத்தான் எட்டுப் பல்லை எடுக்க வேண்டும்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா, தியேட்டரிலிருந்த பிளாஸ்திரி ரோல்களையெல்லாம் பொறுக்கி என் கையில் திணித்தார். "யார் கேட்டாலும் குடுக்காத. நானே கேட்டாலும்."

அக்கா பையிலிருந்து துணிப்பட்டைகளை எடுத்தார். "ஏழு வருஷம் துவைச்ச துணி டாக்டர். ஓரம் மடிக்கல. மூச்சுக்கு வைக்கிற குழாயை இதால கட்டுங்க. இறுக்கிடாதீங்க."

டாக்டரம்மா ஒன்றைத் தன் மணிக்கட்டில் கட்டிப் பார்த்தார்.

பெண் தூங்கியதும் டாக்டரம்மா கேமராவைப் பார்த்துப் பார்த்து மூக்கு வழியாகக் குழாயை இறக்கினார். கன்னத்தில் விரல்கூடப் படவில்லை. அப்போது நர்ஸ், இருபது வருடப் பழக்கத்தில், குழாயை ஒட்டுவதற்காகத் திரும்பாமலே என்னிடம் கையை நீட்டினார்.

"அந்த ரோலைக் குடு."

நான் ரோல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒட்டியிருந்தால், எடுக்கும்போது கன்னமும் கூடவே வந்திருக்கும். துணிப்பட்டையை எடுத்துக் கட்டினார்.

மூன்று மணி நேரம் கழித்துப் பெண்ணை வெளியே கொண்டுவந்தோம். அக்கா தொடவில்லை. குனிந்து நெற்றி, இமை, காதுமடல் என்று, தைத்த துணியில் விட்டுப்போன இழையைத் தேடுவதுபோலப் பார்த்தார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"எங்கயும் உரியல."

"இதே மாதிரி பத்துப் பட்டை தைச்சுக் குடுங்கக்கா. இங்கயே வெச்சிருக்கோம்," என்றார் டாக்டரம்மா.

கண் திறக்காமலே மகள் குழறினாள்: "அவங்களுக்காவது ஒழுங்கா தைம்மா."

சாயங்காலம் அரை டம்ளர் பால் குடித்தாள். காலி டம்ளரை அக்கா வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். நர்ஸ் மாற்று உடுப்பு கொண்டுவந்தார், ஏற்கெனவே உள்பக்கத்தை வெளியே திருப்பி.