பழனியாண்டி அண்ணன் வாங்காமல் விட்ட கடிதம்

எங்கள் மேல் தெருவுக்குக் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும், ஆறரைக்கு நின்றுவிடும். அன்று ஏழு மணியாகியும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. எதையும் சந்தேகப்படுகிற எனக்கு அன்று சந்தேகம் வரவில்லை. கிடைத்தவரை லாபம் என்று வாளி, குடம், குளியலறைத் தொட்டி எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. பழனியாண்டி அண்ணனின் மூத்த மகள் கலா.

"மாமா, அப்பா போயிட்டாரு. டேங்க் கிட்ட ஒக்காந்த மேனிக்கே போயிட்டாராம். பெரட்டுக்குப் போன பொம்பளைங்கதான் பாத்திருக்காங்க."

தோட்டத்தில் பேர் கொடுக்கப் போன பெண்கள், மேல் தாங்கியின் சுவரில் சாய்ந்து அவர் தூங்குகிறார் என்று நினைத்து அதட்டியிருக்கிறார்கள். வால்வைத் திருப்பும் நீண்ட இரும்புத் திறப்பு வால்வின் தலையிலேயே நின்றிருக்கிறது. எங்கள் தெருவுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டவருக்கு அதைப் பூட்ட நேரம் கிடைக்கவில்லை. பதினொரு மணிக்கு யாரோ போய்ப் பூட்டும்வரை தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நிரப்பிய வாளிகளை நான் அன்று தொடவில்லை.

இந்த நினைவு மலரை வாசிக்கப்போகிற உங்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. தோளில் இரும்புத் திறப்பும் தலையில் மடித்த சாக்குமாக அவரைப் பார்க்காதவர் நம் நகரத்தில் இல்லை. முதற் பக்கத்தில் அனுதாபச் செய்தி எழுதியிருக்கும் நகர சபையின் முன்னாள் தவிசாளர் அவரை 'அர்ப்பணிப்புள்ள ஊழியர்' என்கிறார். அந்த ஊழியரை நிரந்தரமாக்குவேன் என்று அவர் மூன்று தேர்தல் மேடைகளில் சொன்னார். மூன்று முறையும் நான் கீழே நின்று கேட்டேன். எனக்கு மறதி கிடையாது. அது என் பெரிய குறை என்று என் மனைவி சொல்வாள். இருபத்தெட்டு வருடம் நகரத்துக்குத் தண்ணீர் திறந்தவர், இறக்கும்வரை தற்காலிக ஊழியர்.

சபையில் தற்காலிக ஊழியர்களின் சேவைப் பதிவுக் கோவைகளைப் பார்க்கிற லிகிதர் நான். நானும் தற்காலிகமாகத்தான் நுழைந்தேன். பட்டம் இருந்தபடியால் மூன்று வருடத்தில் நிரந்தரமானேன். அதன்பிறகு எனக்கு வரவேண்டியவை வராமல் போனது வேறு கதை, அதற்கு இங்கே இடமில்லை. எங்கள் காரியாலயத்தில் ஒரு பழக்கம் உண்டு. தற்காலிக ஊழியர் ஒருவரை ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலையில் வைப்பதில்லை. ஆறாவது மாத முடிவில் ஒரு நாள் நிறுத்துவார்கள். மறுநாள் புதிதாகச் சேர்த்ததாக எழுதுவார்கள். இடையில் அந்த ஒரு நாள் விழுவதால், எத்தனை வருடம் உழைத்தாலும் சேவை முறிந்த சேவைதான். நிரந்தரம் கேட்க உரிமை வராது. அந்த ஒரு நாளை அறிவிக்கும் கடிதத்தைத் தட்டச்சு செய்வது என் வேலை. பத்தொன்பது வருடமாக வருடத்துக்கு இரண்டு கடிதம் அவருக்கு நான் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அவர் பெற்றுக்கொண்டதாகப் பிரதியில் கையெழுத்து வைப்பார். நான் முத்திரை குத்துவேன்.

அந்த நாளுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'செத்த நாள்'. "நாளைக்கு நான் செத்தவன் சேர். நாளன்னிக்குப் பொறந்துருவேன், கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். ஆனால் செத்த நாளிலும் அவர் தண்ணீர் திறக்கப் போனார். ஒப்பப் புத்தகத்தில் பெயர் இல்லை, கையெழுத்து இல்லை, குழாயில் மட்டும் தண்ணீர் வரும். ஏன் போகிறீர்கள் என்று நான் சண்டை பிடித்திருக்கிறேன். "நான்தானே நின்னுட்டேன், தண்ணி டூட்டியிலதானே இருக்கு" என்பார்.

அவருடைய வீட்டில் 'பர்மனன்ட் ஆனதும்' என்பது அன்றாடப் பேச்சாகவே ஆகிவிட்டது. தோட்ட லயத்தில் இருந்த ஒற்றைக் காம்பராவின் பின்னால் சமைக்க ஒரு குசினி இழுப்பது, கூரைத் தகரம் மாற்றுவது, கலாவின் கல்யாணம் எல்லாம் பர்மனன்ட் ஆனதும்தான். ஒரு நாள் நான் போயிருந்தபோது தேநீர் வரத் தாமதமானது. அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி லெட்சுமி அக்கா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார்: "ஒங்களுக்கு பர்மனன்ட் ஆனதும் தர்றேன், ஒக்காருங்க." அண்ணன்தான் அதிகம் சிரித்தார்.

ஒருமுறை நேர்முகப் பரீட்சைக்கே அழைத்தார்கள். கலா வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். சான்றிதழ்களை நான் ஒழுங்குபடுத்திக் கொடுத்தேன். உள்ளே போனவர் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டதாம், விதியில் இடமில்லையாம். மேசைக்கு முன்னால் இருந்தவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல சேர். வேலைக்கு வரும்போது எனக்கு இருவத்தொம்பது. வயச நான் கூட்டல, அவங்கதான் கூட்டுனாங்க. இத அங்க சொல்ல நெனச்சேன், சிங்களத்துல எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கிறதுக்குள்ள கதவத் தொறந்துட்டாங்க." வெளியே தவிசாளர் அவரது தோளைத் தட்டி 'பலமு' என்றார். பார்ப்போம் என்று அர்த்தம். எங்கள் காரியாலயத்தில் மூன்று இனத்தாரும் ஒற்றுமையாகப் பாவிக்கும் ஒரே சொல் அது.

அடுத்து நடந்ததில் எனக்கும் பங்குண்டு. நம் நகரத்தின் குழாய்களுக்கு வரைபடம் கிடையாது. எந்த வால்வு எந்தக் கல்லுக்குக் கீழே இருக்கிறது, எதை எத்தனை சுற்றுத் திருப்ப வேண்டும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அதுதான் அவருடைய ஒரே பலம் என்று அவருக்கு நான்தான் எடுத்துச் சொன்னேன். வருகிற செத்த நாளில் போகாமல் இருங்கள், ஒரு நாள் நகரம் காயட்டும், மறுநாள் நிரந்தரக் கடிதத்தோடு வீட்டுக்கு வருவார்கள் என்றேன். பல நாள் பேசிச் சம்மதிக்க வைத்தேன். அன்று லீவு போட்டுவிட்டு அவர் வீட்டிலேயே போய் உட்கார்ந்துகொண்டேன்.

எட்டு மணிக்குக் கடைத்தெருவில் சத்தம். பத்து மணிக்குத் தவிசாளரின் சாரதி வந்தார். அண்ணன் லயத்து வாசலில் கைகளைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாரதிக்கு நான்தான் பதில் சொன்னேன். பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் திரீவீலரில் வந்திறங்கினார். பிள்ளை பெறும் வாட்டில் இரண்டு பேருக்கு வலி, தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்றார். அண்ணன் எழுந்துவிட்டார்.

"இப்ப போனீங்கன்னா காலத்துக்கும் தற்காலிகம்தான் அண்ணே" என்றேன்.

"பொறந்த புள்ளய எதுல சேர் கழுவுவாங்க?"

"இன்னும் ரெண்டு மணித்தியாலம். அவங்களே வருவாங்க."

"அத நாளைக்குப் பேசிக்குவோம்" என்று திறப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அதே திரீவீலரில் போய்விட்டார். அவர் செய்தது சரி. அது சரி என்பதாலேயே எனக்கு நெடுநாள் ஆத்திரம் தீரவில்லை.

சபை பயந்துபோனது. அடுத்த வாரமே தவிசாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். அண்ணனுக்குத் தெரிந்ததையெல்லாம் நான் வரைபடமாக வரைய வேண்டும். அது கைக்கு வந்ததும் விசேட அனுமதி எடுத்து நிரந்தரமாக்கிவிடலாம் என்றார். படித்தவன் நான். கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவன். ஆனால் முதலில் நம்பியது நான்தான். மூன்று ஞாயிறு அவரோடு நடந்தேன். பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒன்று, முஸ்லிம் நானா ஒருவரின் சில்லறைக் கடைப் படிக்குக் கீழே ஒன்று, மதகுக்குள் சாக்குச் சுற்றிய ஒன்று. மதகு வால்வு மற்றவற்றுக்கு மாறாக இடப்பக்கம் திரும்பும். "இது மட்டும் கொஞ்சம் கோவக்காரன் சேர், ஒங்கள மாதிரி" என்றார். எல்லாவற்றையும் மூன்று நிற மையில் வரைந்து ஒப்படைத்தேன்.

இரண்டு மாதத்தில் நீர் வழங்கலுக்கு இரண்டு நிரந்தர நியமனம் வந்தது. இரண்டும் வேறு ஆட்களுக்கு. அவர்களுக்கு வேலை பழக்கும்படி அண்ணனுக்கு உத்தரவு. அதை அடித்துக் கொடுத்ததும் நான்தான். பொறுமையாகப் பழக்கிக் கொடுத்தார். வந்த இருவரும் கெட்டவர்கள் அல்ல. எட்டு மணி பஸ்ஸில் வருவார்கள், அவ்வளவுதான். ஐந்து மணித் தண்ணீரை அவர்தான் தொடர்ந்து திறந்தார்.

அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நான் அவரோடு பேசவில்லை. கோபம் அவர்மேலா என்மேலா என்று பிரித்துப் பார்க்கவும் விரும்பவில்லை. கடிதம் வாங்க வருவார், நான் புத்தகத்தை நகர்த்துவேன், கையெழுத்து வைப்பார். போகும்போது மேசையில் இரண்டு பேரிக்காய் வைத்துவிட்டுப் போவார். மூன்றாவது தடவை நான் கேட்டேன், இது எந்தத் தோட்டத்துக் காய் என்று. "களவுக் காய்தான் சேர், தின்னுங்க" என்றார். பேச்சு தொடங்கிவிட்டது.

அவர் இறந்த அன்று செத்த வீட்டில் இரண்டு விஷயம் நடந்தது. பதாகை அடிக்கப் போன உறவினர் ஒருவர், பெயருக்குக் கீழே பதவி என்ன போடுவது என்று என்னைக் கேட்டார். சபையின் பெயரைப் போட்டு, நீர் வழங்கல் ஊழியர் என்று போடுங்கள் என்றேன். மற்றது, எங்கள் சபையில் ஊழியர் யாராவது இறந்தால் மலர்வளையம் வரும், வாசலில் படத்தோடு அறிவித்தல் ஒட்டுவார்கள், சந்தியிலிருந்து வீடுவரை வெள்ளைக் கொடி கட்டுவார்கள். லெட்சுமி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது அதைத்தான்.

"தம்பி, ஆபீஸ்ல இருந்து யாரும் வரலியா? கொடி கட்டலியே."

சபைச் செயலாளருக்குப் போன் செய்தேன். அவர் கோவையைப் பார்த்திருந்தார். இறந்த திகதி சேவையில் இல்லாத நாள் என்றார். உண்மைதான். அது அவருடைய செத்த நாள். நாளும் நான் குறித்ததுதான். தனிப்பட்ட முறையில் போக விரும்புகிறவர்கள் வேலை முடிந்து போகலாம் என்றார். பதாகையில் சபையின் பெயரைப் போட யார் அனுமதித்தது என்றும் விசாரித்தார். நான்தான் என்றேன். கொடி இல்லாமலே அவரைத் தூக்கினோம்.

மறுநாள் காரியாலயத்தில் என் மேசை லாச்சியைத் திறந்தபோதுதான் அந்தக் கடிதம் கண்ணில் பட்டது. மூலமும் பிரதியும் சேர்ந்தே கிடந்தன. அப்போது ஞாபகம் வந்தது. இறப்பதற்கு முதல் நாள் அவர் என் மேசைக்கு வந்தார். வழக்கம்போலப் புத்தகத்தை நகர்த்தினேன். பேனையை எடுத்தவர், கடிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேனையை வைத்துவிட்டார். "கை ஈரமா இருக்கு சேர், மை கரஞ்சிரும். பெறகு வர்றேன்." எனக்கு வேறு வேலை இருந்தது. சரி என்றேன். இருபத்தெட்டு வருடமாக ஈரக் கையோடு கையெழுத்து வைத்த மனிதர் அவர். பிரதிகளில் பாதியில் அவருடைய பெயர் கரைந்துதான் கிடக்கிறது. அன்று ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததாக இங்கே எழுதவும் மாட்டேன்.

ஆனால் விதி எனக்குத் தெரியும். ஊழியர் கையில் சேராத கடிதம் சேவையை நிறுத்தாது. ஆகவே பழனியாண்டி சேவையில் இருக்கும்போதே இறந்திருக்கிறார், அவ்வாறே பதிவு செய்ய வேண்டும் என்று அரைப்பக்கக் குறிப்பு எழுதிச் செயலாளரின் மேசையில் வைத்தேன். வாசித்தார். இரண்டாவது தடவையும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பலமு" என்றார்.

இன்று முப்பத்தோராம் நாள். குறிப்பு இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது. இதற்கிடையில் கோவையில் சேர்க்க அந்தக் கடிதத்தைக் கொண்டுவரும்படி இரண்டு தடவை ஆள் அனுப்பினார். அது அவர் கையில் கிடைத்தால் தபாலில் அனுப்பியதாக ஒரு முத்திரை விழும், காரியம் முடிந்துவிடும். அந்த முத்திரைகளைப் பத்தொன்பது வருடம் குத்தியவன் நான்.

அண்ணனின் இரும்புத் திறப்பைச் சபை எடுத்துக்கொண்டது. நான் வரைந்த வரைபடமும் அவர்களிடம்தான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கடிதம். நான் அடித்தவற்றில் அவர் கையெழுத்து இல்லாத ஒரே கடிதம். வீட்டில், என் பட்டச் சான்றிதழ் இருக்கும் உறையிலேயே வைத்திருக்கிறேன். குறிப்புக்கு ஆம் என்று பதில் எழுதி, அறிவித்தலை வாசலில் ஒட்டிய பிறகு கேட்டால் கொடுப்பேன். அதுவரை ஆள் அனுப்பும்போதெல்லாம் நானும் அந்தச் சொல்லைத்தான் சொல்லி அனுப்புகிறேன்.

பலமு.