குடும்ப அறை

நகராட்சித் தங்குமிடத்துக்கு வருகிற பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் பூட்டக்கா. பதினோரு வருடமாக இடுப்பில் சாவிக்கொத்தோடு நடமாடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? காப்பாளர் என்பது பதவி. காய்ச்சல் வந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும், போர்வைச் சண்டையைத் தீர்த்துவைப்பதும், மேலேயும் கீழேயும் திட்டு வாங்குவதும்தான் வேலை. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் காலியாகக் கிடக்கிற கட்டிலை இல்லையென்று சொல்ல அவளுக்கு மனசு வராது. அப்படிச் சொல்ல வேண்டிய நாளும் ஒன்று வந்தது.

அன்று பிற்பகல் வயதான கணவனும் மனைவியும் வந்து நின்றார்கள். குடியிருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். நான்கு நாளாகப் பேருந்து நிலையத்தில் கிடக்கிறார்களாம். பெரியவருக்குக் கை நடுக்கம். பூட்டக்கா கொடுத்த டீயை அந்த அம்மாள்தான் டம்ளரைப் பிடித்து, மடக்கு மடக்காகக் குடிக்கவைத்தாள். சட்டைப் பித்தானைப் போட்டுவிடுவதும் அவள்தான்.

அது பெண்கள் தங்குமிடம். ஆண்களுக்கானது ஊரின் மறுகோடியில். சேர்ந்து இருக்க மாடியில் குடும்ப அறை ஒன்று உண்டு. நான்கு கட்டில், மின்விசிறி, அன்றைக்கு ஈ காக்காய் இல்லை. ஆனால் விதியை எழுதிய புண்ணியவான், குடும்பம் என்றால் பதினெட்டு வயதுக்குள் ஒரு பிள்ளையாவது இருக்கவேண்டும் என்று எழுதிவைத்துவிட்டான். பூட்டக்கா அலுவலருக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள். போன வருடம் வயதுவந்த ஒரு அண்ணனையும் தங்கையையும் அதே அறையில் விட்டு அவள் மெமோ வாங்கியிருந்தாள். ஒப்பந்த வேலை, இன்னொரு மெமோ வந்தால் வீட்டுக்குத்தான். அலுவலர் அதை ஞாபகப்படுத்திவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. சாவி இடுப்பில் இருக்கிறது, அறை மாடியில் சும்மா கிடக்கிறது, என்னவென்று சொல்வாள்? எப்படியோ விதியைச் சொல்லி முடித்தாள்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை.

"புள்ள இல்லாததால நாங்க குடும்பமே இல்லன்னு நாப்பது வருஷமா சொந்தக்காரங்க சொன்னாங்கம்மா. இப்ப கவர்மெண்டும் சொல்லுதா?"

பூட்டக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க இங்க இருங்கம்மா. ஐயாவை ஆட்டோ வச்சு நானே அங்க கொண்டுபோய் விடறேன். பாத்துக்குவாங்க."

"டம்ளரைப் பிடிச்சுக்குவாங்களா?"

அங்கே அறுபது ஆண்களுக்கு ஒரே ஒரு காவலாளி. அது பூட்டக்காவுக்குத் தெரியும். பொய் சொல்ல நாக்கு வரவில்லை. அந்த அம்மாள் கணவரின் கையைப் பிடித்து எழுப்பினாள். இருவரும் பேருந்து நிலையத்துப் பக்கமே நடந்தார்கள்.

ஐந்து மணிக்குப் பதிவேட்டை நிரப்பவேண்டும். வந்து திரும்பிப் போனவர்களுக்கு அதில் இரண்டே காரணங்கள் அச்சிட்டிருக்கிறார்கள்: இடம் இல்லை, தங்க மறுத்தார். இடம் இருந்தது. அதனால் பூட்டக்கா இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டாள். ஆளுக்கொரு வரியாக, இரண்டு பேருக்கும்.