வாசல் வெயில்

வட லண்டனில் ஒரு பெரிய ஷாப்பிங் மாலின் தானியங்கிக் கண்ணாடிக் கதவடியில் நிற்கிறேன். வெளியே ஜனவரிக் குளிர். “வாசலை விட்டு நகராத, வந்துடறேன்” என்று மச்சான் போனில் சொல்லியிருக்கிறான். கதவுக்கு மேலே நீளமான இரும்புப் பெட்டி ஒன்று சூடான காற்றை ஊதுகிறது. மதுரை வெயிலே தோற்கும். கம்பளிக் குல்லாவோடு அதற்கு நேர் கீழே நின்றுகொள்கிறேன். தலை வேகிறது, முழங்காலுக்குக் கீழே விறைக்கிறது.

காவலாளி வருகிறார். நான் போனில் பேசிய தமிழ் அவர் காதில் விழுந்திருக்கிறது.

“அண்ணை, நீங்கள் இதில நிக்கிறபடியால்தான் கதவு மூடுதில்லை. குளிர் உள்ளுக்கு வர வர, மெஷின் இன்னும் கூட ஊதுது.”

“குளிருதுன்னுதானே இங்க நிக்கிறேன்?”

“உள்ளுக்குப் போங்கோ. கடை லைட்டும் சனத்தின்ர உடம்புச் சூடுமே அங்க போதும். இப்ப ஏசி ஓடுது.”

ஜனவரியில் ஏசியா? நம்பாமல் போகிறேன். எல்லோரும் கோட்டைக் கழற்றிக் கையில் சுமந்துகொண்டு திரிகிறார்கள். ஐஸ்கிரீம் கடையில் நீண்ட வரிசை. நான் குல்லாவைக் கழற்றுகிறேன், ஸ்வெட்டரைக் கழற்றுகிறேன். வேர்வை நிற்கவில்லை. கொஞ்சம் குளிர்காற்று வாங்கலாம் என்று வாசலுக்கே திரும்புகிறேன்.

நான் நின்ற அதே இடத்தில், பதினைந்து வருடமாக இந்த ஊரில் வாழும் மச்சான் குல்லாவும் மப்ளருமாக நிற்கிறான். கதவு திறந்தே கிடக்கிறது.

காவலாளி என்னைப் பார்க்கிறார்.

“இவரும் உங்கட ஆளோ?”